லைசென்ஸ் யார் பேரில்?

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அவள் துப்பாக்கிப் பெட்டியின் இரண்டு பூட்டையும் போட்டு, சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டதோடு நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். எங்கே தூங்கினாள்!

தெருவே அவளைக் கண்ணாடிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறாள். நாற்பதைத் தாண்டிய பெண் ஞாயிற்றுக்கிழமையானால் ரைபிள் கிளப்புக்குப் போய்க் குப்புறப் படுத்துச் சுடுகிறாள் என்பதைத் தெரு இன்னும் முழுசாக ஜீரணிக்கவில்லை. வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வாவது அவளுக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை மகளின் பரீட்சை குறுக்கே வந்தது. அடுத்த தடவை மாமியார் படுத்த படுக்கையானார். இரண்டு தடவையும், "அடுத்த தடவை பார்த்துக்கலாம், போட்டி எங்கே ஓடிப்போகுது" என்றார் கணவர். போட்டி ஓடவில்லை, வாஸ்தவம். வயசுதான் ஓடியது.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். இந்தத் தடவை குறுக்கே வர யாரும் இல்லை என்று அவள் நம்பினாள், பாவம்.

ஒரு பெட்டித் துணியோடு வெளிநாடு போவது வேறு, துப்பாக்கியோடு போவது வேறு. கையில் லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. துப்பாக்கியை வெளியே கொண்டுபோய்த் திரும்பவும் உள்ளே கொண்டுவர இந்த நாட்டின் அனுமதி வேண்டும். போட்டி நடக்கிற நாட்டுப் போலீஸின் அனுமதி வேண்டும். அதில் துப்பாக்கியின் நம்பர், தோட்டாவின் எண்ணிக்கை, எந்த விமான நிலையம் வழியாக உள்ளே வருகிறாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். விமானக் கம்பெனி, இன்ன விமானத்தில் இன்ன தேதியில் ஏற்றிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சம்மதம் கொடுக்க வேண்டும். தோட்டா தனிப் பெட்டியில், துப்பாக்கி தனிப் பெட்டியில். எல்லாவற்றுக்கும் அவளே அலைந்தாள். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஒரு கையெழுத்துக்குக்கூட கணவரைக் கூப்பிடவில்லை.

டிக்கெட் ஒன்றை மட்டும் அவரிடம் விட்டாள். அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். "போக்குவரத்து என் தொழில். அதையாவது என்கிட்ட விடு" என்றார்.

"நேரா போற விமானம்தான் வேணும். நடுவுல எங்கயும் இறங்கக் கூடாது. அந்த விமானத்துக்குத்தான் சம்மதம் வாங்கியிருக்கேன்."

"எத்தனை தடவை சொல்லுவ? போட்டாச்சு."

போட்டதும் உண்மைதான். அதை அப்படியே விட்டிருந்தால் இந்த அத்தியாயமே இருக்காது.

கணவரைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரி பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறார். பார்சல்காரர் என்றால் மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும். காலி வண்டி ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். போகும்போதும் சரக்கு இருக்க வேண்டும், வரும்போதும் ரிட்டர்ன் லோடு இருக்க வேண்டும். தொழிலில் அது கெட்டிக்காரத்தனம். வீட்டிலும் அதையே செய்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பினால், அவள் தலையில் யார் வீட்டுக் குக்கரையாவது கட்டி அனுப்புவார். மனைவி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுகூட, "எப்படியும் அந்தப் பக்கம்தானே போறோம்" என்று ஒரு மூட்டையைக் காரில் ஏற்றி, வழியில் இறக்கிவிட்டுத்தான் அவளை அட்மிட் செய்தார். அந்த வீட்டில் யாரும் வெறுங்கையோடு வாசல்படி தாண்டியது கிடையாது.

காலையில் கார் டிக்கியைத் திறந்தபோதே அவளுக்குத் திக்கென்றது. துப்பாக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், வாய் கட்டிய ஒரு பெரிய பை உட்கார்ந்திருந்தது.

"இது என்னங்க?"

"அக்காவுக்குக் கொஞ்சம் சாமான்."

"உங்க அக்கா இருக்கற நாட்டுக்கா நான் போறேன்?"

"ஏறு, ஏறு. லேட்டாகுது."

அவள் ஏறினாள். டிக்கெட்டைக் காட்டுங்கள் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் இருக்கிறது, ஏர்போர்ட்டில் தருகிறேன் என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். ஒத்தைக் காலில் நின்று வாங்கியிருக்க வேண்டும். நிற்கவில்லை. பயணத்துக்கு முன்னால் எதற்குச் சண்டை என்று விட்டுக்கொடுத்தாள். இருபது வருஷமாக அவளுக்கு அது கைவந்த கலை.

விமான நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு மகள் வயசுதான் இருக்கும். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ஆனாலும் வேலையில் கறார். துப்பாக்கி என்றதும் அதிராமல், ஆயுதப் பிரிவு அதிகாரிக்குப் போன் போட்டாள். சட்டைப்பையில் பேனா செருகிய ஒரு நடுத்தர வயசுக்காரர் வந்தார். பக்கத்து அறையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, போல்ட் கழற்றியிருக்கிறதா, குழாய் காலியா என்று பார்த்தார். துப்பாக்கியில் இருந்த நம்பரை லைசென்ஸில் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். தோட்டாப் பெட்டியை எடை போட்டார்.

"எல்லாம் பக்காவா வச்சிருக்கீங்கம்மா. நாலு பேர் இப்படி வந்தா எங்க உயிர் மிஞ்சும்."

அவளுக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது. வீட்டில் யாராவது இப்படிச் சொல்லி எத்தனை காலம் ஆகிறது! பெட்டியைப் பூட்டிக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினாள். கணவர் போனை நீட்டினார். கவுண்டர் பெண் அதைப் பார்த்தாள். தன் திரையைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள்.

"மேடம், உங்க சம்மதம் நேரா போற விமானத்துக்கு இருக்கு. ஆனா டிக்கெட் அது இல்லையே. அதை நாலு நாள் முன்னாடியே கேன்சல் பண்ணியிருக்காங்க. இது ரெண்டு தனித்தனி டிக்கெட். நடுவுல ஒரு நாட்டுல இறங்கி, வெளிய போய், மறுபடி ஏறணும்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அதான் சொல்லலாம்னு இருந்தேன். அக்கா ஊர் வழியா போட்டேன். அரை நாள் கிடைக்குது. சும்மா உக்காந்திருக்கறதுக்கு, போய் ஒரு வார்த்தை பேசிட்டு, அந்தப் பையைக் குடுத்துட்டு வந்துடலாம்ல? ரெண்டு வருஷமா அக்கா பேசாம இருக்கா. நீ நேர்ல போய் நின்னா மனசு இளகிடும்."

"அந்த நாட்டு அனுமதி இருக்கா மேடம்?" என்று கேட்டாள் கவுண்டர் பெண். "ரெண்டு டிக்கெட்டுங்கறதால உங்க பெட்டியை நாங்க கடைசி வரைக்கும் அனுப்ப முடியாது. அங்க நீங்களே துப்பாக்கியை எடுத்துக்கிட்டு, சுங்கத்தைத் தாண்டி வெளிய போகணும். அனுமதி இல்லாம அப்படிப் போனா அங்க கைதுதான்."

"அட, அவ என்ன கொள்ளையடிக்கவா போறா?" பார்சல்காரர் சிரித்துப் பார்த்தார். "விளையாட்டுத் துப்பாக்கிதானே. மூணு வாசல்ல வாங்கின அனுமதி கையில இருக்கு. அதைக் காட்டினா விட மாட்டானா?"

"அது வேற நாட்டு அனுமதி சார்."

"நான் முப்பது வருஷமா சரக்கு அனுப்பறேன்மா. எந்தச் செக்போஸ்ட்டுலயும் பேசினா முடியும்."

ஆயுதப் பிரிவு அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "சார், இது மூட்டை இல்ல. இதை ஏத்தினா இந்தப் பொண்ணு வேலை போகும், உங்க வீட்டம்மா ஜெயிலுக்குப் போவாங்க. நீங்க பேசி முடிக்க அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

நாளை மறுநாள் காலையில் போட்டி நடக்கும் இடத்தில் ஆயுதப் பரிசோதனை. அதற்குள் ஆளும் துப்பாக்கியும் போய்ச் சேராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாவது தடவையும் போச்சா? பரீட்சை இல்லை, நோய் இல்லை. ஒரு பை. வாய் கட்டிய ஒரே ஒரு பை.

"இன்னைக்கு நேரா போற விமானம்?" என்று கேட்டாள்.

"கிளம்பிடுச்சு மேடம். நாளைக்கு ஒண்ணு இருக்கு, சீட்டும் இருக்கு. ஆனா துப்பாக்கிக்குப் புதுசா சம்மதம் வாங்கணும். தலைமை ஆபீஸ்ல இருந்து வர ரெண்டு மூணு நாள் ஆகும்." அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குரலைத் தணித்தாள். "அவசரம்னு போட்டு இப்பவே அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள பதில் வந்தா நானே கூப்பிடறேன். வரும்னு என்னால சொல்ல முடியாது."

பார்சல்காரருக்கு அதற்குள் அடுத்த யோசனை பிறந்துவிட்டது. அவருக்கு யோசனைக்கா பஞ்சம்?

"எதுக்கு இவ்வளவு? நீ இந்த டிக்கெட்டுலயே கிளம்பு. துப்பாக்கியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவுல வச்சிடறேன். அங்க போய் யார்கிட்டயாவது ஒரு துப்பாக்கி கடன் வாங்கிச் சுடு. எல்லாம் சுடற துப்பாக்கிதானே? போற வழியில அக்காவையும் பார்த்த மாதிரி ஆச்சு."

எல்லாம் சுடற துப்பாக்கிதானே! அவள் கன்னத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செதுக்கிய கட்டை அது. கடைக்கு வருகிறவனிடம், "எல்லாம் கண்ணாடிதானே, யாருதையாவது போட்டுக்கோ" என்று அவள் சொன்னால் எப்படி இருக்கும்? பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்து, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"சார், கீழ வைங்க."

அதிகாரியின் குரல் உயரவில்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

"என் ஒய்ஃப் பேர்லதான்."

"அப்ப நீங்க இதைத் தொடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அவங்க கிளம்பிட்டா இது உங்க வீட்டுலயும் உங்க பொறுப்புல இருக்கக் கூடாது. கையை எடுங்க."

"நான் அவ புருஷன் சார்!"

"அது லைசென்ஸ்ல இல்லையே."

பார்சல்காரர் முகம் சுண்டிப்போனது. பெட்டியைக் கீழே வைத்தார். அவள் அந்தப் பெட்டியையே பார்த்தாள். லைசென்ஸ் கொடுத்த அன்று அந்த ஆபீஸில் சொன்னது நினைவுக்கு வந்தது: 'நீங்க எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் இது இருக்கணும்மா. வீடு மாறினா முதல்ல எங்களுக்குச் சொல்லணும்.' வீடு அவர் பேரில். கார் அவர் பேரில். அவள் உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிற கடையின் வாடகை ஒப்பந்தம்கூட அவர் பேரில். இவர் கை வைக்கக் கூடாது என்று ஊரறியச் சொல்லும்படியாக, இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று இது ஒன்றுதான் இருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்ததால் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

பார்சல்காரர் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்தால் அவர் ஏன் பார்சல்காரர்? போனை எடுத்து அக்காவை அழைத்தார்.

"அக்கா, ஒரு சின்னக் குளறுபடி. இன்னைக்கு வரலை... ஆமா, ஏர்போர்ட்டுலதான்... இரு, அவகிட்டயே குடுக்கறேன், பேசு." போனைப் பொத்திக்கொண்டு அவளிடம் கிசுகிசுத்தார். "ரெண்டு வார்த்தை நல்லா பேசிடு. போன்லயாவது முடிச்சிடு."

அவள் வாங்கினாள். "சொல்லுங்க அண்ணி."

இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிற குரல். நாத்தனார் அவளைப் பேசவே விடவில்லை.

"வரலைன்னா பரவாயில்லம்மா. நீ வந்து மன்னிப்புக் கேக்கறேன்னு ஒத்துக்கிட்டதே எனக்குப் போதும். அம்மா போன அன்னைக்கு எனக்குப் போன் பண்ண வேண்டாம்னு நீதான் தடுத்தேன்னு தம்பி சொன்னப்ப, என்னால தாங்கவே முடியல. கடைசியா முகத்தைக்கூடப் பார்க்க விடலையேன்னு அழுது தீர்த்தேன். போகட்டும். நீயே தப்புதான்னு சொல்லியனுப்பினப்புறம் நான் எதுக்கு வைராக்கியம் வச்சுக்கணும்?"



அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மாமியாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, "அண்ணிக்குச் சொல்லிடலாங்க" என்று கெஞ்சியது யார்? "அவ பதறியடிச்சுக் கிளம்புவா, யார் சமாளிக்கறது, காலையில சொல்லிக்கலாம்" என்று அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கியது யார்? காலையில் சொல்ல வேறு சேதிதான் இருந்தது. இந்த இரண்டு வருஷமும் நாத்தனார் ஏன் தன்னிடம் பேசுவதில்லை என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை இழந்த துக்கம் என்று நினைத்தாள். இது துக்கம் இல்லை, இவர் கட்டி அனுப்பிய பார்சல்.

எல்லாம் இப்போது புரிந்தது. அந்தப் பையில் இருப்பது வெறும் சாமான். நிஜமான சரக்கு அவள்தான். தன் தப்பை அவள் தலையில் ஏற்றி, அவளையே அனுப்பி இறக்கிவிட்டு வரப் பார்த்தார். அதற்காகத்தான் விமானத்தை மாற்றினார். அதற்காகத்தான் போட்டி போனது.

"அண்ணி," என்றாள் நிதானமாக. "நான் தடுக்கல. போன் பண்ணச் சொன்னதே நான்தான். மன்னிப்புக் கேக்க வர்றேன்னும் நான் சொல்லல. யார் தடுத்தாங்கன்னு உங்க தம்பியைக் கேளுங்க, பக்கத்துலதான் நிக்கறார்."

போனை அவர் கையில் திணித்தாள். அதிலிருந்து நாத்தனாரின் குரல் "டேய்... டேய்..." என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்சல்காரர் அதைக் காதில் வைக்கவில்லை. அணைத்தார்.

"ஏய், அன்னைக்கு இருந்த நிலைமையில வாய் தவறிச் சொல்லிட்டேன். இதைப் போய் இங்க வச்சு... வா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"நீங்க போங்க."

"நீ?"

"இது உங்க கார்ல வராது. நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னாங்களே, கேக்கலையா?"

"அது பெட்டியைத்தானே சொன்னார்!"

அவள் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதிலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றி, அவர் காலடியில் இருந்த அக்கா பையின் கட்டிய வாய் மேல் வைத்தாள். துப்பாக்கிப் பெட்டிச் சாவியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆயுதப் பிரிவு அதிகாரி கவனிக்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளப்பு ஆயுத அறைக்கு நேரா கொண்டுபோயிடுங்கம்மா. வழியில எங்கயும் நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அவரே ஒரு டாக்ஸி ஏற்பாடு செய்து கொடுத்தார். கண்ணாடி வழியாக அவள் திரும்பிப் பார்த்தபோது, பார்சல்காரர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். எங்கே இறக்குவது என்று அவருக்கே தெரியவில்லை.

ரைபிள் கிளப்பில் பகல் நேரத்தில் ஈ காக்கை இல்லை. ஆயுத அறைப் பொறுப்பாளர் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

"என்னம்மா, இந்நேரம் மேகத்துக்கு மேல இருக்க வேண்டியவங்க!"

"டிக்கெட்டுல கோளாறு. இதை இங்க வைக்கணும்."

அவர் மேலே கேட்கவில்லை. துப்பாக்கியை வாங்கி, நம்பரைப் பார்த்து, இரும்புக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கைபேசியை மேஜைமேல் கண்ணில் படும்படி வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். கவுண்டர் பெண்ணிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

பொறுப்பாளர் பதிவேட்டைத் திறந்தார். "இங்க வைக்கறது தற்காலிகம்தான், தெரியும்ல? நீங்க குடியிருக்கற இடத்துலதான் இது இருக்கணும். விலாசம் பழசுதானே?"

"இல்ல. மாறுது."

அவர் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "அப்படியா? புது விலாசம் சொல்லுங்க."

கடை விலாசத்தைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதுவும் அவர் பேரில்தானே என்று நினைவு வந்ததும் நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா விலாசம், அதற்குப் பிறகு இவர் விலாசம். யாரைக் கேட்டாலும் அவள் இன்னார் வீடு என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது எந்தத் தெருவைச் சொல்வது?

"இன்னும் தெரியல," என்றாள். "பழசை மட்டும் அடிச்சிடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அடிச்சிட்டா லைசென்ஸ் ஆபீஸுக்கு இன்னைக்கே தகவல் போயிடும். அப்புறம் அந்த வீட்டுக்கு இதைத் திரும்பக் கொண்டுபோக முடியாது."

மேஜைமேல் போன் மறுபடி அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அவர்தான். திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடிங்க."

பொறுப்பாளர் மேஜை டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தார்.